மதியமே தொடங்கிவிட்ட கச்சேரி

ஏழு மணிக் கச்சேரிக்கு மதியம் இரண்டரைக்கே போய் நின்றுவிட்டேன். கையில் டிக்கெட் இல்லை. கழுத்தில் அட்டை! நீல நாடாவில் தொங்குகிற, 'குழு' என்று தடித்த எழுத்தில் அச்சடித்த அட்டை. இருபது வருடமாகச் சென்னையில் இண்டி கச்சேரிகளுக்கு அலைகிறேன். கல்லூரி மைதானம், ஓட்டல் மாடி, கடற்கரை மணல், பழைய நாடக அரங்கு என்று நிற்காத இடமில்லை. எல்லாமே முன்வாசல் வழியாகத்தான். அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பின்வாசல். அந்த இரும்புக் கதவின் தாழ்ப்பாளைத் தூக்கும்போது விரல் நடுங்கியது. எனக்கு அது பரமபத வாசல்!

வேலை சின்னதுதான். அன்று வாசிக்கவிருந்த குழுவின் சிடியும் டி-ஷர்ட்டும் விற்கிற மேசைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. "அக்கா, நீங்க எப்படியும் வரத்தான் போறீங்க. மேசையையும் பார்த்துக்கங்களேன்" என்று கித்தார் வாசிக்கிற தம்பி போனில் கேட்டான். அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் சரி சொல்லிவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: சவுண்ட் செக்கை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க விட வேண்டும்.

"அது போரடிக்கும்கா."

போரடிப்பதா! கேளுங்கள் கதையை.

மேடையில் ஆளே இல்லை, ஆனால் தரை முழுக்க கேபிள். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு வண்ண டேப். சிவப்பு பாடகருக்கு, மஞ்சள் பேஸ் கித்தாருக்கு, பச்சை பறைக்கு. எல்லாம் மேடை ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் போய் அடைகின்றன. அங்கிருந்து ஒரே ஒரு தடித்த கேபிள் புறப்பட்டு, சுவரோரமாக ஊர்ந்து, அரங்கின் நடுவில் இருக்கிற மிக்ஸருக்கு வருகிறது. மிக்ஸருக்குப் பின்னால் சவுண்ட் அண்ணன். ஐம்பதைத் தாண்டிய வயது, காதோரம் நரை, சட்டைப் பையில் டார்ச்சு. என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒயர் சுருளைக் கீழே எடுத்து வைத்தார். "உக்காரும்மா. இங்க இருந்து கேட்டாத்தான் கச்சேரி."

முதலில் டிரம்ஸ். அதிலும் முதலில் காலால் அடிக்கிற பெரிய டிரம் மட்டும். டும். டும். டும். நிஜமாகவே பத்து நிமிடம் அது ஒன்றுதான். அண்ணன் ஒரு குமிழைத் திருகுவார், தலையைச் சாய்ப்பார், இன்னொன்றைத் திருகுவார். நான் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறாவது நிமிடத்தில் திடீரென்று அந்த 'டும்' என் நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது. அதுவரை அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல இருந்த சத்தம், ஒரு நொடியில் வீடு கட்டுகிற அஸ்திவாரமாக மாறிவிட்டது! என்ன செய்தீர்கள் என்று பதறிக் கேட்டேன். "ஒண்ணும் சேக்கலம்மா. நடுவுல கொஞ்சம் எடுத்தேன்." சேர்க்காமல், எடுத்து! தேவையில்லாத அதிர்வெண்ணைக் குறைத்தால் தேவையானது தானாக எழுந்து நிற்குமாம். இருபது வருடமாக நான் ரசித்த அத்தனை கச்சேரிகளுக்கும் பின்னால் இப்படி ஒருவர் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதன்பிறகு ஸ்நேர், ஹை-ஹேட், பேஸ் கித்தார், கித்தார் என்று வரிசையாக ஏறி வந்தது. குரல் கடைசியில். கூரை போடுவதுபோல. நடுவில் மைக் 'கூ...' என்று ஊளையிட்டது. ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம் மறுபடி மைக்கில் நுழைந்து, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பெருகுகிற சத்தம் அது. நமக்குக் காதைப் பொத்தத் தோன்றும். அண்ணனோ, எந்தச் சுருதியில் ஊளை வந்தது என்று காதாலேயே பிடித்து, அந்த ஒரு இடத்தை மட்டும் குறைத்து, மறுபடி ஊளை வர வேண்டுமென்றே சத்தத்தை ஏற்றுகிறார். இப்போதே எல்லா ஊளையையும் பிடித்து வைத்துவிட்டால் ராத்திரி வராதல்லவா!

பிறகு எழுந்து நடந்தார். முதல் வரிசை, நடு வரிசை, கடைசி வரிசைச் சுவரோரம். அங்கங்கே நின்று ஒரு கைதட்டல், காது கொடுத்தல். "காலி ஹால் பொய் சொல்லும்மா. ஆள் வந்து உக்காந்தா சத்தத்தைக் குடிச்சிடும்." உடம்பும் துணியும் மேல்சத்தத்தை உறிஞ்சிவிடும் என்பதால், ஐந்து மணிக்குக் கொஞ்சம் கூர்மையாகவே வைத்துவிட்டுப் போக வேண்டும், ஏழரைக்கு அது சரியாகிவிடும் என்கிறார். இன்னும் வராத ஐந்நூறு பேருடைய உடம்பை மனதில் வைத்து ஒருவர் சத்தத்தைச் செதுக்குகிறார்! நாம் வெறுமனே போய் உட்காருவதாகத்தான் இதுவரை நினைத்திருந்தேன். நாமும் அந்த அரங்கின் வாத்தியத்தில் ஒரு பாகம்.

பறை மட்டும் அதுவரை மேடைக்கு வரவில்லை. எங்கே என்று தேடிக்கொண்டு போனால், வண்டி நிறுத்துமிடத்தில் புகை! காவலாளி முதலில் திட்டியிருக்கிறார். பிறகு அவரே பழைய செய்தித்தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறார். சென்னைக் காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். தீயில் காட்டினால் இறுகும். ஊரில் வைக்கோல், இங்கே செய்தித்தாள். வாசிக்கிற பையன் பறையைத் தீயின்மேல் வட்டமாகச் சுழற்றி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டுகிறான். 'தொம்' என்று இருந்தது மெல்ல மெல்ல 'டங்' என்று நிமிர்ந்து வருவதைக் கேட்கவே அங்கு வந்திருக்கலாம். "நீங்களும் தட்டுங்கக்கா" என்று இடக்கைக்கு நீளமான சிம்புக்குச்சியையும் வலக்கைக்குக் குட்டையான அடிக்குச்சியையும் கொடுத்தான். தட்டினேன். உள்ளங்கையில் இருந்து முழங்கை வரை ஓடிய அந்த அதிர்வை எந்த ஆல்பமும் இதுவரை எனக்குத் தந்ததில்லை.

இந்த இடத்தில்தான் என் நெடுநாள் வாதத்தைச் சொல்லியாக வேண்டும். பறையைப் பதிவு செய்வது சாமான்ய வேலை இல்லை. மைக்கைத் தோலுக்கு நெருக்கமாக வைத்தால் 'சப்' என்ற அறை மட்டும் கிடைக்கும். அதன் இரைச்சல், அதன் நெஞ்சு, அது தெருவை நிறைக்கிற விதம் எல்லாம் இரண்டு மூன்றடி தள்ளி, காற்றில் இருக்கிறது. அதைப் பிடிக்க வாத்தியத்தைச் சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். எனக்குப் பிடித்த இண்டி ஆல்பங்கள் அத்தனையிலும் இந்த 'இடம்' இருக்கிறது. அறை இருக்கிறது, சுவர் இருக்கிறது, யாரோ நாற்காலியை நகர்த்துவது இருக்கிறது. சுத்தமாகத் துடைத்த ஆல்பத்தை நான் மதிக்கிறேன். தூசியோடு வருகிற ஆல்பத்தைக் காதலிக்கிறேன்.

பறை என்றதும் 2018 ஜனவரி 6-ஆம் தேதியை மறக்க முடியுமா! கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறிய நாள். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பத்தொன்பது பேர். கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் ஒரு பக்கம், பறையும் சட்டியும் ஒரு பக்கம், நடுவில் கித்தாரும் டிரம்ஸும். 'சாதியற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சிந்தனையிலிருந்து குழுவுக்குப் பெயர் வந்தது. பெரும்பாலும் சாவு வீட்டு வாசலோடு நிறுத்தப்பட்டிருந்த பறைக்கு மேடையில், மைக்குக்கு முன்னால் இடம். எனக்கு அரசியலும் புரிந்தது, கண்ணும் கலங்கியது. அதோடு சேர்த்து, ஒரு ரசிகையாக எனக்கு எழுந்த கேள்வி: எலெக்ட்ரிக் கித்தாரும் பறையும் ஒன்றையொன்று விழுங்காமல் எப்படி நிற்கின்றன? பறையின் கூர்மை இருக்கிற உயரத்தில்தான் கித்தாரின் கடியும் இருக்கிறது. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தால்தான் இரண்டும் கேட்கும். நல்ல குழுக்களில் கித்தார்காரர்தான் ஒதுங்குகிறார். நான் மேசை பார்த்த குழுவிலும் அப்படித்தான் என்பதைச் சவுண்ட் செக்கில் என் கண்ணாலேயே பார்த்தேன். பறை ஏறிய இடத்தில் தம்பி தன் கித்தாரின் கூர்மையைக் குறைத்துக்கொண்டான். யாரும் சொல்லவில்லை!

2018-லேயே தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் பாடல்கள் 'மகிழ்ச்சி' என்ற ஆல்பமாக வந்தன. அடுத்த வருடம் அந்தக் குழுவின் ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் ஓஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இரண்டையும் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. 'மகிழ்ச்சி' கேட்கும்போது எனக்கு மேடை தெரிகிறது. 'தெருக்குரல்' கேட்கும்போது ஒற்றை ஆள் என் காதருகே குனிந்து பேசுகிறார். ஒரே பட்டறையில் பழகிய குரல், ஆனால் ஆல்பம் என்பது எவ்வளவு வேறு ஜீவன் பாருங்கள்! கச்சேரியை அப்படியே ஆல்பத்தில் எதிர்பார்ப்பவர்களும், ஆல்பத்தை அச்சுப்பிசகாமல் கச்சேரியில் எதிர்பார்ப்பவர்களும் இரண்டிலும் பாதியை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊரில் இண்டி என்றால் சினிமாவில் வராத பாட்டு என்று அர்த்தம். சினிமாப் பாட்டுக்கு இயக்குநர் முதலில் ஒரு சிச்சுவேஷன் சொல்வார், மெட்டு அப்புறம்தான். இண்டி பாட்டுக்கு அது கிடையாது. தன் சிச்சுவேஷனைத் தானே உண்டாக்கிக்கொண்டு வரவேண்டும். மூன்று நிமிடத்துக்குள், முகம் தெரியாத நம்மிடம், கதாநாயகன் துணையில்லாமல்! அந்தத் தைரியத்துக்காகவே நான் பாதி சுமாரான ஆல்பத்தைக்கூட முழுசாகக் கேட்பேன்.

இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பிறப்பு. பெரிய கம்பெனிகளைச் சாராமல் சொந்தமாக இசைத்தட்டு போடுவதுதான் அங்கே இண்டி. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கிய 500 பவுண்டில் ஆயிரம் தட்டு அடித்தார்கள். 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்று பெயர். அதன் உறையில் என்ன அச்சடித்தார்கள் தெரியுமா? எந்தப் பாட்டை எத்தனையாவது தடவையில் எடுத்தோம், மேலே எத்தனை முறை சேர்த்துப் பதிந்தோம் என்ற விவரம்! சமையல்காரர் உணவோடு சேர்த்து அடுப்படியையும் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. 'உன்னாலும் முடியும், இப்படித்தான் செய்தோம்' என்று சொல்லாமல் சொன்ன உறை அது. எந்த மந்திரத்தையும் மூடி வைக்காததால் மந்திரம் குறையவில்லை, பரவியது.

அடுப்படிக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று டொராண்டோவில் நடந்தது. 1987 நவம்பர் 27. கௌபாய் ஜங்கீஸ் என்ற கனடியக் குழு ஒரு தேவாலயத்தை வாடகைக்கு எடுக்கிறது. ஹோலி டிரினிட்டி தேவாலயம். ராக் குழு என்றால் நிர்வாகம் தயங்கும் என்று, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி பதிவு செய்கிற பாடகர் குழு என்று வேறொரு பெயரைச் சொல்லி உள்ளே நுழைகிறார்கள். கையில் இருப்பது ஒரே ஒரு மைக். அதை நடுவில் நிறுத்திச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். மிக்ஸர் செய்ய வேண்டிய வேலையை நாற்காலிதான் செய்கிறது. யாருடைய சத்தம் அதிகமோ அவர் இரண்டடி பின்னால், குறைவோ அவர் ஓரடி முன்னால். இப்படி நகர்த்தி நகர்த்திச் சரியான இடம் கண்டுபிடிக்கவே மணிக்கணக்காயிற்று. இடம் அமைந்ததும் வாசித்தார்கள். ஒரே நாளில் ஏறக்குறைய முழு ஆல்பம்! 'தி டிரினிட்டி செஷன்' என்று அடுத்த வருடம் வந்தது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, ஒரு முறை கேளுங்கள். பாடகி மார்கோ டிம்மின்ஸின் குரல் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது கேட்கும். நான் அந்த ஆல்பத்தில் பாட்டு கேட்பதே பாதிதான். மீதிப் பாதி அந்தக் கட்டடத்தைக் கேட்கிறேன்.

அந்தத் தேவாலயப் பதிவுக்கு அடுத்த மாதமே, அதே குளிரில், அமெரிக்காவின் பாஸ்டனில் பிக்ஸீஸ் குழு 'சர்ஃபர் ரோசா' பதிவு செய்துகொண்டிருந்தது. ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி. பேஸ் வாசித்த கிம் டீலின் குரலுக்கு எதிரொலி வேண்டும். எதிரொலி தருகிற கருவியைத் தேடாமல், அல்பினி மைக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவின் குளியலறைக்குப் போனார்! ஒருவர் தேவாலயத்தில், இன்னொருவர் குளியலறையில், இடையில் சில வாரங்கள். இருவரும் தேடியது ஒன்றைத்தான்: குரல் மோதித் திரும்ப ஒரு நிஜச் சுவர். இந்தத் தேதிகளை ஒருநாள் அருகருகே வைத்துப் பார்த்தபோது ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன்.

அல்பினியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் அவர் காலமானபோது என் சொந்தக்காரர் போனதுபோல இருந்தது. ஆல்பம் எவ்வளவு விற்றாலும் அதில் பங்கு கேட்க மாட்டார். குழாய் ரிப்பேர் செய்பவருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்பது அவர் கொள்கை. நிர்வானா போன்ற பெரிய குழுவிடமும் அதையே சொன்னார். பாட்டு அதைப் பாடியவர்களுடையது, நான் மைக் வைத்தவன், அவ்வளவே என்ற அந்த மரியாதை அவர் பதிவுகளில் கேட்கும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நாம் நிற்பதுபோலக் கேட்கும்.

எல்லாருக்கும் தேவாலயம் கிடைக்காதே என்பீர்கள். பான் ஐவர் என்ற பெயரில் பாடுகிற ஜஸ்டின் வெர்னனுக்குக் கிடைத்தது அப்பாவின் வேட்டைக் குடில். 2006 கடைசியில், குழுவும் உடைந்து உடம்பும் கெட்டு, விஸ்கான்சின் பனிக்காட்டில் போய் மூன்று மாதம் தனியாக இருந்தார். கையோடு கொண்டுபோன கொஞ்சம் கருவிகளில் தன் குரலையே மேல்மேலாக அடுக்கிப் பதிந்தார். முதலில் ஐந்நூறு சிடிதான் போட்டார். அந்த 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' இன்று உலகம் முழுக்கக் கேட்கப்படுகிற ஆல்பம். இந்தக் கதையைப் பலரும் துயரக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒரு ஆளே கோரஸாக மாறிய அதிசயம்.

என் மேசைக்கு வருகிறேன். அன்று என்னிடம் இருந்தவை அறுபது சிடி. "சிடி யாரு வாங்குவா?" என்று கேட்காதவர்கள் இல்லை. வாங்கினார்கள்! ஒரு பெண் வந்து, வீட்டில் போட்டுக் கேட்கக் கருவி இல்லை, ஆனாலும் வேண்டும் என்று இரண்டு வாங்கிக்கொண்டு போனாள். குழுவுக்கும் அந்தக் காசு வேண்டும், ஏனென்றால் ஸ்ட்ரீமிங்கில் முப்பது நொடி கேட்டால்தான் ஒரு கணக்கு. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு வருடத்துக்கு ஆயிரம் முறையாவது கேட்கப்பட்டால்தான் காசே. முப்பது நொடிக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்ற அவசரத்தில் பாட்டுகளின் முன்னிசை செத்துக்கொண்டிருக்கிறது, அது எனக்குப் பெரிய வருத்தம். இந்தக் குழுவின் ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு ஒன்றரை நிமிடம் வெறும் கடல் சத்தமும் ஒற்றைத் தந்தியும்தான். தம்பியிடம் ஏன் என்று கேட்டேன். "அவசரமா வர்ற ஆளுக்கு அந்தப் பாட்டு இல்லக்கா." கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவன் மேலும் ஒரு ரகசியம் சொன்னான். ஆல்பத்தின் வரிசையைக் கேசட்டை மனதில் வைத்துத்தான் அமைத்தார்களாம். ஐந்தாவது பாட்டு முடிந்ததும் கொஞ்சம் கூடுதல் மௌனம் விட்டிருக்கிறார்கள். கேசட்டைத் திருப்பிப் போடுகிற நேரம்! நான் அந்த இடைவெளியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் ஏனோ எழுந்து தண்ணீர் குடித்திருக்கிறேன். அப்பா வாங்கித் தந்த கேசட்டுகளோடு வளர்ந்த கை அல்லவா, அது தானாகவே புரிந்துகொண்டிருக்கிறது.

ஆறு மணிக்குப் பின்னறை. இட்லிப் பொட்டலங்கள், சுக்குக் காபி ஃபிளாஸ்க், ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று குரலைச் சூடாக்குகிற பாடகி. நடுவில் பெரிய வாக்குவாதம்: கடைசிப் பாட்டு எது? வரிசைப் பட்டியலை மார்க்கரால் எழுதுவது பேஸ் வாசிப்பவர் வேலை. எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறார். திறந்தவெளியில் ஒலிபெருக்கியைப் பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும், 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி அது. இது மூடிய அரங்கம்தான், ஆனால் அரங்கத்தாரும் அதே நேரத்தைத்தான் கொடுத்திருந்தார்கள். அதனால் 'இன்னொண்ணு, இன்னொண்ணு' என்று ரசிகர்கள் கத்தப்போகிற நேரத்தையும் முன்கூட்டியே கணக்கில் வைக்கிறார்கள். "கத்தலுக்கு மூணு நிமிஷம், அந்தப் பாட்டுக்கு ஆறு." எங்கள் கத்தல் பட்டியலில் இருக்கிறது! பட்டியலில் ஒன்பதாவது பாட்டுக்குப் பிறகு ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு பாட்டு. அந்தக் கோடுதான் நாங்கள்.

வாஷிங்டனின் ஃபுகாஸி குழு பட்டியலே வைத்துக்கொண்டதில்லை. ஒருவர் ஒரு வரி வாசித்ததும் மற்ற மூவரும் அந்தப் பாட்டுக்குள் குதித்தார்கள். டிக்கெட் சுமார் ஐந்து டாலருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார்கள், எல்லா வயதினரும் வர முடிந்தது. 1987-இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேல் கச்சேரி செய்தவர்கள், அதில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். 2011 டிசம்பரிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக வெளியிட்டார்கள். தவறிய ராகம், அறுந்த தந்தி, கூட்டத்தோடு நடந்த வாக்குவாதம் எல்லாம் அப்படியே. ஸ்டுடியோவில் திருத்தி மெருகேற்றிய 'நேரடி' ஆல்பங்களை நான் வாங்குவதை நிறுத்தியதே ஃபுகாஸியைக் கேட்ட பிறகுதான். சவுண்ட் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் பேசாமல் மிக்ஸருக்குக் கீழே கையைக் காட்டினார். அங்கே சின்னதாக ஒரு ரெக்கார்டர், சிவப்பு விளக்குடன். "எட்டு வருஷமா எல்லா ஷோவும் இருக்கும்மா." எட்டு வருடம்! அதில் நான் நின்று கேட்ட இரவுகள் அத்தனையும் அவர் வீட்டு அலமாரியில்!

விளக்கணைந்தது. மேசையை இன்னொரு தன்னார்வலரிடம் ஒப்படைத்துவிட்டு மேடை ஓரத்துக்கு ஓடினேன். அங்கிருந்து கேட்டால் கச்சேரி விநோதமாக இருக்கிறது. கூட்டத்துக்கான ஸ்பீக்கர் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும், நமக்குக் கிடைப்பது பாடகியின் மானிட்டரில் இருந்து குரல், பக்கத்தில் டிரம்ஸின் வெறும் தோல் சத்தம், தூரத்தில் சுவரில் முட்டி வரும் பேஸ். கேட்க நன்றாக இல்லை. ஆனால் பார்க்க! புருவத்தைத் தூக்கினால் இன்னொரு சுற்று, தலையை ஒருமுறை அசைத்தால் முடிவு. நான் வருடக்கணக்காக 'இயல்பாக அமைந்தது' என்று புல்லரித்த இடங்களெல்லாம் கண்ணால் நடக்கிற பேச்சுவார்த்தை.

நாலாவது பாட்டில் தம்பியின் கித்தாரில் தந்தி அறுந்தது. 'டிங்' என்று எனக்கே கேட்டது. அவன் பேஸ்காரரைப் பார்த்தான். பேஸ்காரர் பறைக்காரப் பையனைப் பார்த்தார். பையன் ஒரு நொடி யோசிக்கவில்லை. மற்ற எல்லாம் நின்றது, பறை மட்டும் எழுந்தது. முதலில் சிம்புக்குச்சியால் சலசலவென்று, பிறகு அடிக்குச்சி நடுவில் இறங்கி இறங்கி. ஓரத்தில் தம்பி மண்டியிட்டு, வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு தந்தி மாற்றுகிறான். பாடகி கைதட்டத் தொடங்கினார், கூட்டம் சேர்ந்துகொண்டது, டிரம்ஸ் மெல்ல உள்ளே வந்தது. நான்கு நிமிடம் ஓடியிருக்கும். மதியம் வண்டி நிறுத்துமிடத்தில் செய்தித்தாள் தீயில் நிமிர்ந்த அதே தோல், இப்போது ஐந்நூறு பேரைத் தூக்கிப் பிடித்திருந்தது! அன்றைய கச்சேரியின் உச்சம் அது. எந்த ஆல்பத்திலும் இல்லாத பாட்டு, இனி வரவும் வராத பாட்டு.

லேப்டாப்பில் பாதி வாத்தியங்களை ஓட விட்டு, காதில் கிளிக் தாளத்தைக் கேட்டுக்கொண்டு வாசிக்கிற குழுக்கள் இன்று நிறைய. பெரிய மேடைகளில் விளக்கும் திரையும் பாட்டோடு சேர்ந்து ஓட அது தேவைப்படுகிறது, புரிகிறது. ஆனால் தந்தி அறுந்தால் லேப்டாப் காத்திருக்காது. பறைக்காரப் பையன் காத்திருப்பான். என் காசும் கால்வலியும் அவனுக்குத்தான்.

கடைசி இரண்டு பாட்டுக்கு மிக்ஸர் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி ஓடினேன். அண்ணன் சொன்னது சரிதான், அங்கிருந்து கேட்டால்தான் கச்சேரி. ஐந்து மணிக்குக் காதைக் கிழித்த கூர்மை இப்போது பட்டுபோல இருந்தது. கூட்டம் நிஜமாகவே குடித்துவிட்டிருந்தது! கோட்டுக்கு முந்தின பாட்டு முடிந்து நாங்கள் கத்தியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடத்துக்குப் பத்து நொடி கூடுதல். எவ்வளவு முன்கூட்டித் தெரிந்திருந்தாலும் தொண்டை கிழியத்தான் கத்தினேன்.

பத்தரைக்கு மேடை மறுபடி வெறும் தரை. கேபிளை முழங்கையில் சுற்றக் கூடாது என்று அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் உள்ளாக மடித்துச் சுற்றினால் உள்ளே முறுக்கேறாது, அடுத்த மேடையில் வீசினால் பாம்பு போல நேராக ஓடும். நாலு கேபிள் சொதப்பி ஐந்தாவதில் கை பழகியது. சிவப்பு டேப், மஞ்சள் டேப், பச்சை டேப். சிடியில் ஏழு மீந்திருந்தது. பறைக்காரப் பையன் வாத்தியத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்தான், தோள்பட்டையில் ஈரம்.

"அடுத்த சனிக்கிழமை புதுச்சேரிம்மா" என்றார் அண்ணன், ரெக்கார்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே. "கடற்கரை மேடை. உப்புக் காத்து, பறை ரொம்பத் தொய்யும். மேசைக்கு ஆள் வேணும்."

"எத்தனை மணிக்குண்ணே வரணும்?"

"ரெண்டுக்கு வந்துடு. பேப்பர் நிறையக் கொண்டுவா."